கடவுளில கோபமா, கதவைச் சாத்தினவர்களில கோபமா?

எங்கட வீடுகளில இப்ப அடிக்கடி நடக்கிற ஒரு விஷயம். பல்கலைக்கழகம் போன பிள்ளை லீவுக்கு வீட்டுக்கு வருகிறது. ஞாயிற்றுக்கிழமை காலை எல்லோரும் சேர்ச்சுக்கு வெளிக்கிடும்போது தான் வரவில்லை, தனக்கு நம்பிக்கை இல்லை என்று சொல்லிவிடுகிறது. அம்மா அழுகிறா. அப்பா இரண்டு நாளாகப் பேசுவதில்லை. விஷயம் உறவுக்காரர் காதுக்குப் போனதும் தீர்ப்பும் வந்துவிடும்: பிள்ளைக்குக் கடவுளில வெறுப்பு, யாரோ மனதைக் கெடுத்துப்போட்டார்கள்.

நம்பிக்கை இல்லாதவர்கள் உண்மையிலேயே கடவுளை வெறுக்கிறார்களா? கிறிஸ்தவத்தின் மேல் அவர்களுக்குப் பகையா? இல்லை, நாங்கள் பகை என்று நினைப்பது வேறு ஏதாவதா? நான் ஞாயிறு தவறாமல் சேர்ச்சுக்குப் போகிறவன். ஆனாலும் இந்தக் கேள்விக்கு ஒரு மனிதருடைய வாழ்க்கையை வைத்துப் பதில் தேடலாம் என்று நினைக்கிறேன். அவர் 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் மிகப் பிரபலமான நாத்திகர், சார்ள்ஸ் பிராட்லா.

1833 செப்டெம்பர் 26இல் லண்டனின் ஹொக்ஸ்டன் பகுதியில் பிறந்தார். தகப்பன் ஒரு சட்டத்தரணியின் அலுவலகத்தில் எழுதுவினைஞர். வசதியான வீடு இல்லை. 11 வயதோடு பள்ளிப் படிப்பு முடிந்தது. அதே அலுவலகத்தில் எடுபிடி வேலை, பிறகு ஒரு நிலக்கரி வியாபாரியிடம் கணக்கு எழுதும் வேலை. பிள்ளை நல்ல பக்தி. ஹக்னி வீதியில் இருந்த புனித பேதுரு ஆலயத்தில் ஞாயிறு பாடசாலைக்குப் படிப்பிக்கிற அளவுக்குப் பக்தி.

அந்த ஆலயத்துக்கு லண்டன் பிஷப் உறுதிப்பூசுதல் கொடுக்க வருவதாக இருந்தது. பிஷப்புக்கு முன்னால் கெட்டிக்காரப் பிள்ளையாக நிறுத்துவதற்காக, பாக்கர் என்ற பாதிரியார் பிராட்லாவை ஆயத்தப்படுத்தச் சொன்னார். பையன் சொன்னதைச் செய்தான், கொஞ்சம் கூடுதலாகவே செய்தான். இங்கிலாந்துத் திருச்சபையின் 39 கோட்பாடுகளை எடுத்து நான்கு நற்செய்திகளோடு வரிவரியாக ஒப்பிட்டுப் பார்த்தான். சில இடங்கள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. எதிர்க்கவேண்டும் என்ற எண்ணம் அவனுக்கு அப்போது இல்லை. விளங்கப்படுத்தி உதவி செய்யுங்கள் என்று கேட்டு அந்தப் பாதிரியாருக்கே ஒரு கடிதம் எழுதினான்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசியுங்கள். ஒரு இளவயதுப் பிள்ளை, வேதத்தை இவ்வளவு கவனமாகப் படித்துவிட்டு, தன்னுடைய குருவிடம் சந்தேகம் கேட்கிறது. எந்த ஆசிரியருக்கும் சந்தோஷம் வரவேண்டிய நேரம் அது. பாக்கர் பாதிரியாருக்குக் கோபம் வந்தது. உங்கள் மகன் நாத்திகனாகிவிட்டான் என்று பெற்றோருக்கு அறிவித்தார். ஞாயிறு பாடசாலையில் இருந்து பையனை மூன்று மாதம் நிறுத்திவைத்தார். அந்த நேரத்தில் பிராட்லா நாத்திகர் இல்லை. நாத்திகர் என்ற பெயர் முதலில் வந்தது. நாத்திகம் பிறகுதான் வந்தது.

போக இடமில்லாத அந்த ஞாயிறுகளில் பையன் பொனர்ஸ் ஃபீல்ட்ஸ் என்ற திறந்த வெளிக்குப் போனான். அங்கே மதம், அரசியல் என்று சனம் கூடி நின்று வாதாடுவது வழக்கம். முதலில் கிறிஸ்தவத்தின் பக்கம் நின்றுதான் பேசினான். கொஞ்சம் கொஞ்சமாக மற்றப் பக்கத்தின் நியாயம் அவனுக்குப் பலமாகத் தெரிந்தது. வீட்டில் நிலைமை மோசமானது. கடவுள் இல்லை என்பவன் மூடன் என்ற அர்த்தமுள்ள வேத வசனம் அவன் கண்ணில் படும்படி சுவரில் தொங்கவிடப்பட்டது. கடைசியில், மூன்று நாளுக்குள் மனதை மாற்று, இல்லாவிட்டால் வேலை இல்லை என்ற எச்சரிக்கை வந்தது. மூன்றாவது நாள் அவன் வேலையையும் வீட்டையும் விட்டு வெளிக்கிட்டான். வயது 16 அளவில்.

வெளியில் போனவனைச் சேர்த்துக்கொண்டது யார்? எழுத்துச் சுதந்திரத்துக்காகப் பல வருடம் சிறையில் இருந்த ரிச்சர்ட் கார்லைலின் துணைவி எலைசா ஷார்ப்பிள்ஸ். அவரும் வறுமையில்தான் இருந்தார். இருக்கிற இடத்தில் ஒரு மூலையைக் கொடுத்தார். பையன் காற்சட்டைப் பட்டிகள் விற்றுப் பிழைக்கப் பார்த்தான், கடன்தான் மிஞ்சியது. 17 வயதில், 1850இல், கிறிஸ்தவ விசுவாசப் பிரமாணத்தைப் பற்றி முதல் சிறு பிரசுரத்தை வெளியிட்டான். வருட முடிவில் பசி தாங்காமல் இராணுவத்தில் சேர்ந்து அயர்லாந்துக்கு அனுப்பப்பட்டான். அவன் படையில் இருக்கும்போதே 1852இல் தகப்பன் இறந்துபோனார். அடுத்த வருடம் ஒரு சொந்தக்காரப் பெண்மணி விட்டுச்சென்ற பணத்தால் படையில் இருந்து விடுதலை வாங்கி லண்டன் திரும்பினான்.

அதற்குப் பிறகு நடந்தது பெரிய வரலாறு. பகலில் சட்ட அலுவலகத்தில் வேலை. இரவில் மேடை. விக்கிரகங்களை உடைப்பவர் என்று பொருள்படும் இக்கனோகிளாஸ்ட் என்ற புனைபெயரில் பேசினார், எழுதினார். 1860இல் தொடங்கிய நேஷனல் ரிஃபோர்மர் பத்திரிகைக்கு ஆசிரியரானார். 1866இல் தேசிய மதச்சார்பற்றோர் சங்கத்தை உருவாக்கினார். அது இன்றைக்கும் பிரித்தானியாவில் இயங்குகிறது.

சரி, இவர் கடவுளை வெறுத்தாரா? அவருடைய நிலைப்பாட்டைக் கேட்டால் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். கடவுள் இல்லை என்று அடித்துச் சொல்வது தன்னுடைய வேலை இல்லை என்பதுதான் அவர் வாதம். கடவுள் என்ற சொல்லுக்குத் தன் மனதில் தெளிவான ஒரு அர்த்தமும் வரவில்லை, அர்த்தம் தெரியாத ஒன்றை மறுக்கவும் முடியாது, ஏற்கவும் முடியாது என்று 1864இல் நாத்திகத்துக்காக எழுதிய நூலில் விளக்கினார். இல்லாத ஆளோடு கோபிக்க முடியாது. ஆனால் வேதாகமத்தைப் பற்றியும் குருமாரைப் பற்றியும் அவர் எழுதியதில் காரம் இருந்தது. விசுவாசிகள் மனம் நொந்திருப்பார்கள். அதை மறைக்கத் தேவையில்லை. தன்னைச் சாந்தமான மனிதர் என்று அவரும் சொல்லிக்கொள்ளவில்லை.

அந்தக் காரம் எங்கிருந்து வந்தது என்பதற்குச் சட்டப் புத்தகத்தைப் பார்க்கவேண்டும். அந்தக் காலத்து இங்கிலாந்தில் கடவுள் பெயரால் சத்தியம் செய்ய முடியாதவர் நீதிமன்றத்தில் சாட்சி சொல்ல முடியாது. பிராட்லாவுக்கு ஒருவர் காசு தரவேண்டியிருந்தால், நம்பிக்கை இல்லாதவர் என்று சொல்லி அவருடைய சாட்சியத்தைத் தள்ளிவிடலாம். அப்படி உண்மையிலேயே அவர் வழக்குத் தோற்றார். நாத்திகரின் வீட்டில் களவு போனாலும் இதே கதைதான். அவர் விடாமல் வழக்காடினார். 1869இலும் 1870இலும் சட்டம் திருத்தப்பட்டது. நம்பிக்கை இல்லாதவரும் உறுதிமொழி எடுத்துச் சாட்சி சொல்லலாம் என்று ஆனது. இதில் கடவுளோடு என்ன சண்டை? சட்டத்தோடுதான் சண்டை.

அவரைப் பற்றிப் பரவிய ஒரு கதையையும் சொல்லவேண்டும். மேடையில் ஏறி, கடிகாரத்தை எடுத்து வைத்து, கடவுள் இருந்தால் ஐந்து நிமிடத்துக்குள் என்னைக் கொல்லட்டும் என்று சவால் விட்டாராம். நாடு முழுக்க இந்தக் கதை ஓடியது. அவர் வாழ்நாள் முழுக்க அதை மறுத்தார், நீதிமன்றம் வரைக்கும் போனார். கதை நிற்கவில்லை. ஏன் தெரியுமா? நாத்திகர் என்றால் கடவுளோடு தனிப்பட்ட பகை வைத்திருப்பவர் என்று நம்புவது சனத்துக்குச் சுகமாக இருந்தது. அவர் கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்வது கஷ்டம். அவரை ஒரு பைத்தியக்காரனாக்குவது லேசு.

1877இல் இன்னொரு புயல். பிள்ளைகளின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்துவது பற்றி அமெரிக்க வைத்தியர் நோல்ட்டன் எழுதிய சிறு நூலை, அன்னி பெசன்ட் அம்மையாரோடு சேர்ந்து பிராட்லா மறுபதிப்புச் செய்தார். ஆபாச வழக்கு வந்தது. இருவருக்கும் ஆறு மாதச் சிறையும் 200 பவுண் தண்டமும் விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் சட்ட நுணுக்கத்தால் தீர்ப்பு ரத்தானது. அன்னி பெசன்ட் ஒரு ஆங்கிலிக்கன் குருவானவரைக் கலியாணம் செய்து பிரிந்தவர். இந்த வழக்குக்குப் பிறகு, நாத்திகத்தையும் இந்த நூலையும் காரணம் காட்டி, மகளை வளர்க்கும் உரிமையை நீதிமன்றம் அவரிடமிருந்து பறித்தது. தாயிடமிருந்து பிள்ளையைப் பிரித்த சமயத்தின் மேல் அந்தத் தாய்க்குக் கோபம் வந்தால் அதைக் கடவுள் மறுப்பு என்று சொல்வதா, தாய்மை என்று சொல்வதா? இதே அன்னி பெசன்ட்தான் பின்னாளில் பிரம்மஞான சபையில் சேர்ந்து, சென்னை அடையாறில் வாழ்ந்து, 1917இல் இந்திய தேசிய காங்கிரஸின் தலைவராகவும் வந்தவர்.

இனி பிராட்லாவின் வாழ்க்கையிலேயே பெரிய போராட்டத்துக்கு வருவோம். 1880இல், சப்பாத்துத் தொழிலாளர் நிறைந்த நோர்த்தாம்ப்டன் நகரம் அவரைப் பாராளுமன்றத்துக்குத் தெரிவு செய்தது. உறுப்பினர்கள் கடவுள் பெயரால் சத்தியப்பிரமாணம் எடுக்கவேண்டும். தனக்கு அந்த நம்பிக்கை இல்லாததால், பொய்ச் சத்தியம் செய்யாமல், வெறும் உறுதிமொழி எடுக்க அனுமதி கேட்டார். ஒரு குழு கூடி, ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் முடியாது என்றது. அப்படியென்றால் சத்தியமே எடுக்கிறேன், என் வார்த்தைக்கு நான் கட்டுப்படுவேன் என்றார். அதுவும் முடியாது, நம்பாதவர் சொல்லும் சத்தியம் செல்லாது என்றார்கள். உறுதிமொழியும் இல்லை, சத்தியமும் இல்லை. கதவு இரண்டு பக்கமும் பூட்டு.

1880 ஜூன் 23இல் சபையை விட்டு வெளியேற மறுத்தார். மணிக்கூட்டுக் கோபுரத்தின் அறையில் அடைத்தார்கள், அடுத்த நாள் விட்டார்கள். பிறகு சொந்தப் பொறுப்பில் உறுதிமொழி எடுக்க இடம் கிடைத்தது. சில மாதம் இருந்து வாக்களித்தார். நீதிமன்றம் அது செல்லாது என்று 1881இல் சொல்ல, இருக்கை போனது. நோர்த்தாம்ப்டன் சனம் அவரையே திரும்பத் தெரிவு செய்தது. 1881 ஓகஸ்ட் 3இல் சபைக்குள் நுழையப் பார்த்தபோது பொலிஸ்காரரும் சபை ஊழியரும் சேர்ந்து அவரைப் படிகளில் இழுத்து வெளியே தள்ளினார்கள். கோட் கிழிந்தது, கைகளில் காயம். வெளியே அவருடைய ஆதரவாளர்கள் பெரிய கூட்டமாக நின்றார்கள். ஒரு சொல் சொல்லியிருந்தால் கலவரம் வெடித்திருக்கும். அவர் அமைதியாகப் போகச் சொன்னார். 1882இல் வெளியேற்றம், திரும்பத் தேர்தல், திரும்ப வெற்றி. 1884இலும் அதே கதை. ஒரே ஊர் ஒரே மனிதரைத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டே இருந்தது.

இந்த ஆறு வருடத்தில் யார் எந்தப் பக்கம் நின்றார்கள் என்று பாருங்கள். கத்தோலிக்கக் கர்தினால் மானிங் கடுமையாக எதிர்த்தார். கொன்சர்வேட்டிவ் கட்சியில் ராண்டோல்ஃப் சேர்ச்சிலும் கூட்டாளிகளும் அரசாங்கத்தை மடக்க இந்தப் பிரச்சினையை நல்ல ஆயுதமாகப் பாவித்தார்கள். வின்ஸ்டன் சேர்ச்சிலின் தகப்பன்தான் இந்த ராண்டோல்ஃப். ஆனால் எல்லாக் கிறிஸ்தவரும் எதிர்க்கவில்லை. குவேக்கர் சபையைச் சேர்ந்த ஜோன் பிரைட் ஆதரித்தார். ஸ்டுவர்ட் ஹெட்லம் என்ற ஆங்கிலிக்கன் குருவானவர் கிறிஸ்துவின் பெயராலேயே ஆதரித்தார். நோர்த்தாம்ப்டனில் வாக்குப் போட்டவர்களில் பலர் சின்னச் சின்னப் புரட்டஸ்தாந்து சபைகளின் பக்தர்கள். முந்திய தலைமுறைகளில் அரச திருச்சபையின் கெடுபிடியை அந்தச் சபைகளும் அனுபவித்தவைதான். கத்தோலிக்கருக்கு 1829 வரைக்கும், யூதருக்கு 1858 வரைக்கும் இதே பாராளுமன்றக் கதவு பூட்டியிருந்ததும் மறக்கக்கூடாத விஷயம்.

எல்லாரையும் விடப் பெரிய ஆள் பிரதமர் கிளாட்ஸ்டன். ஆழ்ந்த பக்தர். பிராட்லாவின் கொள்கை அவருக்குக் கொஞ்சமும் பிடிக்காது. ஆனாலும் 1883இல் உறுதிமொழிச் சட்டமூலத்துக்காக நீண்ட உரை ஒன்றை ஆற்றினார். ஏதோ ஒரு கடவுளை வாயால் ஒப்புக்கொண்டால் உள்ளே விடுவது, நேர்மையாக இல்லை என்பவரை வெளியே தள்ளுவது, இதனால் கிறிஸ்தவத்துக்கு ஒரு பாதுகாப்பும் இல்லை என்பது அவர் வாதத்தின் சாரம். சட்டமூலம் மூன்றே மூன்று வாக்கால் தோற்றது. 292க்கு 289.

நாத்திகர்கள் எல்லாரும் ஒரே மாதிரியும் இல்லை. பிராட்லாவின் இயக்கத்தில் இருந்த ஜி. டபிள்யூ. ஃபூட், ஃப்ரீதிங்கர் என்ற தன் பத்திரிகையில் வேதாகமத்தைக் கேலி செய்து படங்கள் போட்டார். 1883இல் தேவநிந்தனைக் குற்றத்துக்கு ஒரு வருடச் சிறை கிடைத்தது. பிராட்லாவையும் அந்த வழக்கில் மாட்டப் பார்த்தார்கள். அந்த வெளியீட்டில் அவருக்குப் பங்கில்லை என்று நிரூபித்து விடுதலையானார். நம்பிக்கை இல்லாதவர்களில் கேலி செய்பவரும் உண்டு, வாதாடுபவரும் உண்டு, வாயே திறக்காதவரும் உண்டு. ஒருவருடைய கேலிக்கு மற்றவர்களையும் சேர்த்துக் கணக்கு எழுதுவது நியாயமில்லை.

கடைசியில் 1886 ஜனவரியில் புதிய பாராளுமன்றம் கூடியபோது, சபாநாயகர் ஆதர் பீல், உறுப்பினர் சத்தியப்பிரமாணம் எடுப்பதில் தலையிட யாருக்கும் உரிமையில்லை என்று சொல்லிவிட்டார். பிராட்லா சத்தியம் எடுத்து, ஆறு வருடத்துக்குப் பிறகு நிம்மதியாக அமர்ந்தார். 1888இல் அவரே கொண்டுவந்த சட்டம் நிறைவேறியது. நம்பிக்கை இல்லாதவர்களும் சத்தியத்துக்குப் பதிலாக உறுதிமொழி எடுக்கலாம். இன்றைக்குப் பிரித்தானிய நீதிமன்றத்தில் ஒரு தமிழர் சாட்சிக்கூண்டில் ஏறும்போது, சத்தியமா உறுதிமொழியா என்று கேட்கிறார்களே, அந்தத் தெரிவுக்குப் பின்னால் அந்தக் கிழிந்த கோட் இருக்கிறது.

கிடைத்த ஆசனத்தை அவர் கடவுளைத் தாக்குவதற்குப் பாவிக்கவில்லை. தொழிலாளர் பிரச்சினைகள், இந்தியாவின் பிரச்சினைகள் என்று பேசினார். இந்தியாவுக்கான உறுப்பினர் என்று அவருக்குப் பெயரே வந்தது. 1889 டிசம்பரில், கடும் நோயில் இருந்து எழும்பிய உடம்போடு, பம்பாய் காங்கிரஸ் மாநாட்டுக்குப் போனார். அதற்கு முன்பே அவருடைய எழுத்து சென்னைக்குப் போயிருந்தது. 1880களில் அங்கே இயங்கிய சென்னை இலௌகிக சங்கத்தினர் பிராட்லாவின் இயக்கத்தைப் பின்பற்றி, தத்துவ விவேசினி என்ற தமிழ் இதழை நடத்தினார்கள். தமிழில் பகுத்தறிவுப் பேச்சு பெரியாரோடுதான் தொடங்கியது என்று நினைப்பவர்கள் இதையும் கவனிக்கவேண்டும்.

1891 ஜனவரியில் பிராட்லா மரணப் படுக்கையில் கிடந்தார். 27ஆம் திகதி பாராளுமன்றம் கூடி, 1880இல் அவருக்கு எதிராக நிறைவேற்றிய தீர்மானத்தைத் தன் பதிவேட்டில் இருந்து நீக்கியது. சபை தன் பிழையை ஒத்துக்கொண்டது. அந்தச் செய்தியை விளங்கிக்கொள்ளும் நிலையில் அவர் இல்லை. 30ஆம் திகதி இறந்தார். வயது 57. கடைசி நேரத்தில் மனம் மாறிக் கடவுளைக் கூப்பிட்டார் என்ற வதந்தி வரும் என்று மகள் ஹைபேஷியாவுக்குத் தெரியும். அதனால் பராமரித்த தாதியிடம், அவர் மதத்தைப் பற்றி ஒன்றும் பேசவில்லை என்று எழுதி வாங்கி வைத்துக்கொண்டார். வதந்தி எப்படியும் வந்தது.

புரூக்வுட் மயானத்தில் நடந்த அடக்கத்துக்கு ஆயிரக்கணக்கானோர் போனார்கள். லண்டனில் இருந்த இந்தியர்கள் திரளாகப் போனார்கள். அவர்களில் சட்டம் படிக்க வந்த 21 வயது இளைஞர் ஒருவரும் இருந்தார், பெயர் மோகன்தாஸ் காந்தி. அங்கே சில பாதிரிமாரும் அஞ்சலி செலுத்த வந்திருந்ததைக் காந்தி தன் சுயசரிதையில் பதிவு செய்திருக்கிறார். திரும்பி வரும் வழியில் ரயிலுக்குக் காத்திருந்தபோது, கூட்டத்தில் இருந்த ஒரு நாத்திகர் அந்தப் பாதிரிமாரில் ஒருவரைப் பிடித்து, உன் கடவுளின் அளவு என்ன, இருப்பிடம் எது என்று விடாமல் குடைந்திருக்கிறார். பாதிரியார் தாழ்ந்த குரலில் ஏதோ சொல்லிவிட்டுப் பணிவாக மௌனமாகிவிட்டார். நாத்திகத்தின் மேல் ஏற்கெனவே இருந்த வெறுப்பு இதைப் பார்த்துக் கூடிவிட்டது என்று காந்தி எழுதுகிறார்.

இந்தக் காட்சியை நான் அடிக்கடி நினைப்பதுண்டு. செத்த நாத்திகருக்கு மரியாதை செய்ய வந்தவர் பாதிரியார். அவரை மரியாதையில்லாமல் மடக்கியவர், பிராட்லாவின் பக்கம் என்று தன்னை நினைத்துக்கொண்டவர். 40 வருடத்துக்கு முன் பாக்கர் பாதிரியார் ஒரு பையனுக்குச் செய்ததைத்தான், பக்கம் மாற்றி, இவர் அங்கே செய்தார். ஒருவர் கேள்வி கேட்ட பிள்ளையைத் தள்ளினார். மற்றவர் அஞ்சலிக்கு வந்த மனிதரைத் தள்ளினார். இரண்டு பேரும் தங்கள் கொள்கைக்கு ஆள் சேர்க்கவில்லை, இருந்த ஆளையும் விரட்டினார்கள்.

ஆகவே கேள்விக்கு என்னுடைய பதில் இது. நம்பிக்கை இல்லாதவரிடம் சில நேரம் கோபம் இருக்கும். அது பெரும்பாலும் கடவுளில் இருக்கிற கோபம் இல்லை. கேட்ட கேள்விக்குத் தண்டனை கொடுத்த பாதிரியாரில, பறிபோன வேலையில, சாட்சி சொல்ல விடாத சட்டத்தில, சாத்திய கதவில இருக்கிற கோபம். பலரிடம் அந்தக் கோபமும் இல்லை. வெறுமனே நம்ப முடியவில்லை, அவ்வளவுதான்.

எங்கட பெற்றோருக்கு ஒன்று சொல்லலாம். பிள்ளை சந்தேகம் கேட்கிற நாள், அது இன்னும் உங்களிடம் வந்து கேட்கிற நாள். பாக்கர் பாதிரியாருக்குக் கிடைத்த கடிதம் மாதிரி. தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள், சேர்ந்து தேடுவோம் என்று சொல்லுங்கள். சுவரில் வசனம் எழுதித் தொங்கவிடாதீர்கள். பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்லலாம். அம்மா செபமாலையோடு இருக்கிற நேரத்தில் கடவுளின் அளவு என்ன என்று கேட்டு வெல்லவேண்டாம். யுத்தத்துக்குள்ளாலும், கடலுக்குள்ளாலும், அகதி முகாமுக்குள்ளாலும் அவ அதைப் பிடித்துக்கொண்டுதான் வந்தவ.

பிராட்லா வீட்டை விட்டு வெளிக்கிட்ட நாளில் யாராவது வாசலில் நின்று, நம்பினாலும் நம்பாவிட்டாலும் நீ எங்கட பிள்ளை, இருந்து சாப்பிடு என்று சொல்லியிருந்தால், அவர் திரும்ப விசுவாசி ஆகியிருப்பாரா? ஆகாமலே இருந்திருக்கலாம். ஆனால் 1852இல் தகப்பன் கண்ணை மூடுமுன், அந்த வீட்டில் மகனோடு இன்னும் சில வருடம் சேர்ந்திருந்து சாப்பிட்டிருப்பார்.